பெற்றோல், மண்ணெண்ணெய் என்ஜினுக்குப் பிளக் வயர் மாற்றுதல்

முதலில் உங்கள் உழவு இயந்திரத்தின் பொனற்றைத் திறந்து பாருங்கள். என்ஜினில் நான்கு பிளக்குகளும், அவற்றிலிருந்து டிஸ்ரிபியூட்டர் மூடி என்ற கறுப்புக் கிண்ணத்துக்குப் போகிற நான்கு தடித்த வயர்களும் இருந்தால்தான் இந்த அத்தியாயம் உங்களுக்குப் பயன்படும். முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்புப் பக்கம் இன்று வயலில் இறங்குகிற மெசி பேர்குசன் 135, 240, இந்தியாவிலிருந்து வந்த இயந்திரங்கள், இரண்டு சில்லு லாண்ட்மாஸ்ரர் எல்லாம் பெரும்பாலும் டீசல். டீசல் என்ஜினில் பொறி கிடையாது. காற்றை இறுக்க இறுக்க அது கொதிக்கும். அந்தச் சூட்டில் பீய்ச்சப்படும் டீசல் தானாகப் பற்றும். அதில் கோளாறு வந்தால் பில்ரரையும் இன்ஜெக்ரரையும் பாருங்கள்; பிளக் வயரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பொறி வைத்து ஓடுகிற உழவு இயந்திரங்களில் உலகம் முழுவதும் பேர்பெற்றது சாம்பல் நிறப் பேர்குசன் ரீஈ20. இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். பெற்றோலில் ஓடும் வகை, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெயில் ஓடும் வகை, விளக்கெரிக்கும் எண்ணெய்க்கென்றே செய்த வகை, பின்னர் டீசல் என்று பல வடிவங்கள் வந்தன. அதற்கு அடுத்து வந்த பேர்குசன் 35இலும் பெற்றோல் வகை உண்டு. இப்படியொன்று உங்கள் கொட்டிலில் நின்றால் கீழே சொல்வது அப்படியே பொருந்தும். அது இல்லாமல் தோட்டக் கிணற்றுக்கு மண்ணெண்ணெய் வோட்டர் பம்ப் மட்டும் வைத்திருப்பவர்களுக்குக் கடைசிப் பகுதியில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊரில் என்ஜின் ஓட்டம் தட்டுகிறது, மிஸ்ஸிங் என்றவுடனே பழி மண்ணெண்ணெய் மேல் விழும். அதற்குக் காரணம் இருக்கிறது. 1990 தொடங்கி 2002 வரை பொருளாதாரத் தடை நீடித்த காலத்தில் பெற்றோலும் பற்றறியும் வன்னிக்குள் வருவது அரிது. காரையும் மோட்டார் சைக்கிளையும் துளி பெற்றோல் விட்டு எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் நன்றாகச் சூடேறாத என்ஜினில் முழுதாக எரியாது; பிளக்கில் கரி படியும், ஓட்டம் தட்டும். பிளக்கைக் கழற்றிச் சுரண்டிப் போட்டால் மறுபடி ஓடும். அந்தப் பழக்கம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை. பிளக்கைச் சுரண்டுகிறோம், கார்புரேற்றரைக் கழற்றிக் கழுவுகிறோம், பொயின்றை உரசுகிறோம். வயரை மட்டும் யாரும் தொடுவதில்லை. இந்தக் கரையில் நிற்கிற இயந்திரத்துக்கு நான் முதலில் சந்தேகப்படச் சொல்வது வயரைத்தான்.

ஏனென்றால் முள்ளிவாய்க்காலுக்கு ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் நந்திக்கடல். எந்தக் காற்று அடித்தாலும் உப்பு வந்து படியும். உப்பு ஈரத்தை இழுக்கும். விடியப்புறப் பனியில் வயரின் தோலிலும் டிஸ்ரிபியூட்டர் மூடியிலும் மெல்லிய உப்பு நீர்ப் படலம் ஒன்று உண்டாகும். பிளக்குக்குப் போகவேண்டிய மின்சாரம் அந்தப் படலத்தின் வழியே ஓடி என்ஜின் பொடியில் இறங்கிவிடும். வெயில் ஏறிப் படலம் காய்ந்ததும் இயந்திரம் நல்ல பிள்ளையாக ஓடும். ஆகவே காலையில் மிஸ்ஸிங், பத்து மணிக்குப் பிறகு சரி என்றால் எண்ணெயில் பிழையில்லை. வயரிலும் மூடியிலும்தான் பிழை.

இன்னொரு அடையாளமும் உண்டு. கொட்டிலில் வெறுமனே நிற்கும்போது சீராக ஓடுகிறது, கலப்பையை மண்ணில் இறக்கியதும் திக்கித் திணறுகிறது. இதை வலுக் குறைந்துவிட்டது என்று நினைத்து என்ஜினைப் பிரிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பொறுங்கள். பாரம் ஏறும்போது சிலிண்டருக்குள் போகிற காற்றும் எண்ணெயும் கூடும், அமுக்கம் கூடும். அமுக்கம் கூடிய இடத்தில் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்ற் தேவை. நிற்கும்போது ஏழெட்டாயிரம் வோல்ற் போதும் என்றால் உழும்போது பதினையாயிரம் வரை கேட்கலாம். கிழிந்த வயர் முதலாவதைத் தாங்கும், இரண்டாவதைத் தாங்காது. பிளக்குக்குப் போகாமல் கிழிசல் வழியே பக்கத்து இரும்புக்குத் தாவிவிடும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இருட்டிய பிறகு கொட்டிலில் விளக்கை அணைத்துவிட்டு என்ஜினை ஓடவிடுங்கள். கதவும் தட்டியும் திறந்திருக்கட்டும். புகை உயிருக்கு ஆபத்து. வயர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கசிகிற இடத்தில் நீலப் பொறி நெளியும், சில வேளை சடசடவென்ற சத்தமும் கேட்கும். ஒன்றும் தெரியவில்லையென்றால் சலூன்காரர் வைத்திருக்கும் தண்ணீர்ப் போத்தல் போன்ற ஒன்றால் வயரின் மேல் பனி போலத் தூவுங்கள். அப்போது ஓட்டம் தட்டினால் சந்தேகம் தீர்ந்தது. இந்தச் சோதனையில் கையால் வயரைத் தொடவே கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் ஓடுகிற என்ஜின் பக்கமே வரக் கூடாது.

இனி வயர் வாங்குவது. புதுக்குடியிருப்பிலோ கிளிநொச்சியிலோ உதிரிப்பாகக் கடையில் பிளக் வயர் என்று கேட்டால் இரண்டு வகையில் ஒன்றைத் தருவார்கள். ஒன்று உள்ளே செப்புக் கம்பி இழைகள் உள்ளது. மற்றது புதிய கார்களுக்குரியது. உள்ளே கம்பிக்குப் பதிலாகக் கரி ஏற்றிய நூல் இருக்கும். வானொலியில் இரைச்சல் வராமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். பழைய உழவு இயந்திரத்துக்குச் செப்புக் கம்பி வயரைத்தான் வாங்க வேண்டும், 7 மில்லிமீற்றர் தடிப்பு. காரணத்தை மூடியைத் திறக்கும்போது நீங்களே பார்ப்பீர்கள்: பழைய லூக்காஸ் மூடிகளில் கூர்முனைத் திருகாணி ஒன்று வயரைக் குத்தி இறங்கி உள்ளிருக்கும் கம்பியைப் பிடிக்கிறது. செப்பு இழைக்குள் அது நன்றாகக் கடித்து நிற்கும். கரி நூலுக்குள் குத்தினால் நூல் சிதைந்து, சில கிழமைகளில் தொடர்பு விட்டுவிடும். கடையிலேயே வயரின் நுனியை வெட்டிப் பாருங்கள்; செம்பின் நிறம் தெரிய வேண்டும்.

வீட்டுக்குக் கரண்ட் இழுக்கும் வயரைப் பிளக்குக்குப் போட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. அதன் தோல் சில நூறு வோல்ற்றுக்காகச் செய்தது. பிளக்குக்குப் போவது ஆயிரக்கணக்கில். கம்பி எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் பயனில்லை. இங்கே வேலை தோலுக்குத்தான். கிழிந்த வயருக்கு மேல் இன்சுலேசன் ரேப் சுற்றுவதும் இதே கதை. ரேப்பின் அடியில் உப்பு ஈரம் நுழைந்து அங்கேயே தங்கிவிடும்.

பழைய இரும்பிலிருந்து கழற்றிப் போடலாமா என்று கேட்பார்கள். 2009ஆம் ஆண்டு மே வரை போரால் இடம்பெயர்ந்து வந்த சனம் கொண்டுவந்த உழவு இயந்திரம், லொறி, மோட்டார் சைக்கிள் எல்லாம் இந்த மண்ணில்தான் கைவிடப்பட்டுக் கிடந்தன. அப்படிப்பட்ட வாகனங்களின் இரும்புப் பாகங்கள் சில பயன்படலாம். ஆனால் நெருப்புப் பட்ட அல்லது ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்த வயரும் பேக்லைற் மூடியும் ஒருநாளும் பயன்படாது. பார்வைக்கு நன்றாக இருந்தாலும் ரப்பர் உள்ளுக்குள் இறுகி வெடித்திருக்கும். அதைவிடப் பெரிய விசயம்: கண்ணிவெடி அகற்றி முடிந்தது என்று ஒப்படைக்கப்படாத காட்டுக்குள் ஒரு திருகாணிக்காகக்கூட நுழையாதீர்கள். மண்டையோட்டுப் பலகை போட்ட இடம் மட்டுமல்ல, பலகை விழுந்துபோன இடமும் ஆபத்தானதுதான். பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கையையும் காலையும் இழந்தவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

வேலைக்கு வேண்டியது அதிகமில்லை. சிறிய தட்டை ஸ்குரூ டிறைவர், கூரான கத்தி, குறடு, பிளக் ஸ்பானர், நுண்ணிய மண் கடதாசி, உலர்ந்த பருத்தித் துணி, பெயர் எழுத ஒட்டும் ரேப், பேனை. மல்ரிமீற்றர் இருந்தால் நல்லது. என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பெற்றோல் ரப்பை மூடுங்கள். ரீஈ20இல் எண்ணெய்த் தாங்கி என்ஜினுக்கு நேர் மேலே இருக்கிறது, கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கியரை நியூற்றலில் விட்டு, சில்லுக்குக் கட்டை வைத்து, பற்றறியில் எந்தக் கம்பி பொடியில் இணைந்திருக்கிறதோ அதைக் கழற்றுங்கள்.

இப்போது மிக முக்கியமான ஒழுங்கு. நான்கு வயரையும் ஒன்றாகப் பிடுங்கக் கூடாது. ஒன்றைக் கழற்றி, அதன் இடத்தில் புதியதைப் போட்டு முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். தொடங்குமுன் ரேடியேற்றர் பக்கமிருந்து 1, 2, 3, 4 என்று எண் எழுதி வயரின் இரண்டு நுனியிலும் ஒட்டிவிடுங்கள். ரீஈ20இல் ரேடியேற்றரை அடுத்திருப்பதுதான் ஒன்றாம் சிலிண்டர்.

டிஸ்ரிபியூட்டர் மூடியை இரண்டு வில் கொளுக்கிகள் பிடித்திருக்கும். அவற்றை நெம்பி மூடியை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். உள்ளே சுற்றிவர நான்கு பித்தளை முனைகள், நடுவில் வில்லோடு ஒரு சிறிய கரித் துண்டு. அந்தக் கரி விரலால் அமுக்கினால் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். தேய்ந்து போயிருந்தால் அல்லது காணாமல் போயிருந்தால் புது வயர் போட்டும் பலன் இராது. பிறகு மூடியை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடியுங்கள். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கோ விளிம்புக்கோ பென்சிலால் கீறியது போல மெல்லிய கறுப்புக் கோடு ஓடுகிறதா? அது அழுக்கு அல்ல. மின்சாரம் ஓடி ஓடிக் கருகிப் போட்ட பாதை. துடைத்தாலும் சுரண்டினாலும் போகாது, மூடியை மாற்ற வேண்டும். கோடு இல்லையென்றால் உலர்ந்த துணியால் உள்ளும் வெளியும் துடைத்து வையுங்கள். உப்புப் படிந்திருந்தால் முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு நன்றாக உலரவிடுங்கள். பெற்றோலால் கழுவாதீர்கள்.

உட்பக்கத்தில் முதல் வயருக்குரிய கூர்முனைத் திருகாணியைத் தளர்த்தினால் வயர் கையோடு வரும். வந்த வயரின் நுனியை வெட்டித் தோலை உரித்துப் பாருங்கள். கம்பி செந்நிறமாக இல்லாமல் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் உப்பு எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று தெரியும். வெளித்தோல் புத்தம்புதிதாக இருக்கும் வயர்கூட உள்ளே இரண்டு மூன்று அங்குலம் பச்சையாகி இருப்பதுண்டு. மூடியின் குழியின் அடியிலும் அதே பச்சைத் தூள் கிடக்கும். தீக்குச்சியில் மண் கடதாசியைச் சுற்றி அதைத் தேய்த்து எடுங்கள்.

பழைய வயரின் நீளத்துக்கு இரண்டு விரலளவு கூட்டிப் புது வயரை வெட்டுங்கள். நுனி சரிவாக இல்லாமல் நேராக இருக்க வேண்டும். மூடிப் பக்கத்து நுனியைத் தோல் உரிக்காமல் அப்படியே குழியின் அடி தட்டும்வரை செருகி, திருகாணியை முறுக்குங்கள். அது தோலைக் குத்திக் கம்பிக்குள் இறங்குவது கைக்குத் தெரியும். அதற்கு மேல் முறுக்கினால் பேக்லைற் வெடிக்கும். மெல்ல இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. பிளக் பக்கத்து நுனியில் முதலில் ரப்பர் தொப்பியைக் கோர்த்துவிட்டு, அரை அங்குலம் தோலை உரித்து, இழைகளை விரித்துப் பின்னால் மடித்து, பித்தளை முனையைக் குறடால் இறுக்குங்கள். தொப்பிக்குள் சிலிக்கன் கிறீஸ் துளி தடவினால் ஈரம் நுழையாது. வாசலைனோ ஒயிலோ வேண்டாம், ரப்பர் ஊதிப் போகும்.

ஐந்தாவது வயர் ஒன்று உண்டு. கொயிலிலிருந்து மூடியின் நடுவுக்கு வருவது. நான்கையும் மாற்றிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். இரண்டாயிரம் சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒவ்வொரு பிளக் வயரிலும் நிமிடத்துக்கு ஆயிரம் பொறி போகும். கொயில் வயரிலோ நாலாயிரம் போகும். எல்லாப் பாரமும் இதில்தான். பழைய லூக்காஸ் கொயிலில் கைப்பிடிச் சுரையைத் திருகி எடுத்தால் உள்ளே வெட்டு விழுந்த பித்தளை வளையம் இருக்கும். வயரைச் சுரைக்குள் விட்டு, கால் அங்குலம் தோலை உரித்து, வளையத்தைக் கோர்த்து, கம்பி இழைகளை வளையத்தின் மேல் பூவிதழ் போல விரித்துவிட்டுச் சுரையைத் திருப்பி முறுக்குங்கள்.

வயர்களை ஓடவிடும் வழியில் கவனம் வேண்டும். சூடான புகைக்குழாயைத் தொடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகம் தெரியாத ஒன்று: இந்த என்ஜினில் பொறி விழும் வரிசை 1, 3, 4, 2. மூன்றாவதை அடுத்து உடனே நான்காவது. இரண்டாவதை அடுத்து உடனே முதலாவது. ஒன்றன்பின் ஒன்றாகப் பொறி விழும் இரண்டு வயர்களை ஒட்டிக் கட்டி நீளமாக ஓடவிட்டால், ஒன்றில் போகும் மின்சாரம் மற்றதிலும் தூண்டப்பட்டு நேரம் தப்பிப் பொறி விழலாம். ஆகவே மூன்றையும் நான்கையும் சேர்த்துக் கட்டாதீர்கள், ஒன்றையும் இரண்டையும் சேர்த்துக் கட்டாதீர்கள். அழகுக்காக எல்லாவற்றையும் ஒரே கட்டாக்குவது நல்ல வேலையல்ல.

யாரோ முன்பே எல்லா வயரையும் பிடுங்கிப் போட்டுவிட்ட இயந்திரம் கிடைத்தால் வரிசையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றாம் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒருவர் பெருவிரலை வைத்து அடைக்கட்டும். பற்றறி கழற்றியபடியே இருக்க, இன்னொருவர் கைப்பிடியால் மெல்லச் சுற்றட்டும். கைப்பிடியைப் பிடிக்கும்போது பெருவிரலும் மற்ற விரல்களின் பக்கமே இருக்க வேண்டும். சுற்றிப் பிடித்தால், என்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கிற வேளை பெருவிரல் முறியும். காற்று பெருவிரலைத் தள்ளிக்கொண்டு வரும்போது ஒன்றாம் பிஸ்ரன் மேலே ஏறுகிறது. அது உச்சிக்கு வந்ததும் நிறுத்தி மூடியைத் திறந்தால், உள்ளே சுழலும் றோட்டர் எந்த முனையைப் பார்க்கிறதோ அதுதான் ஒன்றாம் வயரின் இடம். தொடர்ந்து சுற்றி றோட்டர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, அந்தத் திசையிலேயே 3, 4, 2 என்று போடுங்கள். ஓட்டும்போது கார்புரேற்றரில் வெடித்தால் அல்லது புகைக்குழாயில் சுட்டால் இரண்டு வயர் மாறிவிட்டது என்று பொருள்.

எல்லாம் போட்ட பிறகு மல்ரிமீற்றரால் ஒவ்வொரு வயரையும் நுனிக்கு நுனி அளந்தால் செப்பு வயர் ஏறக்குறைய பூச்சியம் ஓம் காட்ட வேண்டும். ஏதாவது ஒன்று மட்டும் கூடுதலாகக் காட்டினால் அதன் முனை சரியாக இறுகவில்லை. பற்றறியை இணைத்து, பெற்றோலிலேயே தொடங்கி, மண்ணெண்ணெய் வகையென்றால் என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள். நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றிச் சற்று ஓடவிட்டால் அடுத்த நாள் எழுப்புவது சுகம்.

வோட்டர் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு: அதில் டிஸ்ரிபியூட்டர் இல்லை, ஒரே வயர்தான். பல பம்ப்களில் அந்த வயர் கொயிலோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும், தனியாக மாற்ற முடியாது. ஆனால் உப்பு தின்பது பெரும்பாலும் தொப்பிக்குள் இருக்கும் நுனியைத்தான். தொப்பியை இடப்பக்கம் திருகினால் கழன்று வரும் வகையென்றால், வயரில் கால் அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டு, செந்நிறக் கம்பி தெரிந்ததும் தொப்பியை மறுபடி திருகி ஏற்றுங்கள். இந்தச் சின்ன வேலையைச் செய்யாமல் கொயிலையே மாற்றிக் காசு கரைக்கிறவர்கள் பலர்.

2022 ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவானது. வயரைக் கவனிக்காவிட்டால் எண்ணெய்க் காசும் வீணாகும்: நான்கில் ஒரு பிளக் பற்றாத இயந்திரம் அந்தச் சிலிண்டருக்குள் போகும் எண்ணெயை எரிக்காமல் புகைக்குழாய் வழியே வெளியே தள்ளும். மிச்சம் ஒழுகி ஒயிலில் கலந்து என்ஜினையும் தேய்க்கும். வயர் மாற்றியதும் ஒயிலின் அளவு கோட்டுக்கு மேல் ஏறியிருக்கிறதா, மண்ணெண்ணெய் மணக்கிறதா என்று பார்த்து, அப்படியென்றால் ஒயிலையும் மாற்றிவிடுங்கள்.

இதைக் காலபோக உழவு தொடங்குமுன், ஆவணிக்குள் செய்து முடியுங்கள். மாரி பிடித்த பிறகு மூடியைத் திறந்தால் ஈரத்தையும் சேர்த்துத்தான் மூட வேண்டிவரும். நாலடி புது வயரும் ஒரு மூடியும் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி இயந்திரத்தின் ஆயுதப் பெட்டியில் எப்போதும் இருக்கட்டும்.